31 சுர முறையில் மோட், கார்டு, ஹார்மனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஸ்தாயியை 12 பங்காக இல்லாமல் 31 சமப் பங்காகப் பிரித்து வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. சில வருடங்களாக வீட்டில் நான் கீபோர்டை அப்படித்தான் ட்யூன் செய்து வைத்திருக்கிறேன். கேட்க வந்தவர்கள், கூட வாசித்தவர்கள், கர்நாடக சங்கீதம் படிக்கும் நண்பர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. மேஜர், மைனர், கார்டு போன்ற வார்த்தைகள் ஓரளவு பழக்கமாக இருந்தால் போதும்.

ஏன் 31? யாரோ சும்மா ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்களா?

இல்லை. அது காது கொண்டுபோய்ச் சேர்த்த எண். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்கன், ஹார்ப்சிகார்ட் சுருதி சேர்த்தவர்களுக்கு மேஜர் தர்ட் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. அதாவது சி-க்கும் ஈ-க்கும் 4:5 என்ற அதிர்வெண் விகிதம் அப்படியே நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளி இறக்கி வைத்தார்கள். சுத்தமான பஞ்சமம் 702 சென்ட். அவர்கள் வைத்தது 696.6. (ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட், பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100.)

இப்படிக் குறைத்த பஞ்சமங்களை 12 முறை அடுக்கினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. கடைசியில் ஒரு பஞ்சமம் ஊளையிடும். அதற்கு ஓநாய்ப் பஞ்சமம் என்றே பெயர். ஆனால் நிறுத்தாமல் அடுக்கிக்கொண்டே போனால், 31ஆவது பஞ்சமத்தில் கிட்டத்தட்ட வீடு வந்து சேர்ந்துவிடுகிறோம். மொத்தத்துக்கும் சேர்த்து 6 சென்ட்தான் குறைகிறது. சனிக்கோளின் வளையத்தை விளக்கிய அதே கிறிஸ்டியான் ஹைகென்ஸ், 1691இல் இதை லாகரிதம் போட்டுக் கணக்கிட்டு, அந்த 6 சென்ட்டை 31 பஞ்சமங்களுக்கும் பங்கிட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எழுதினார்.

அவருக்கு முன்னாலேயே ஆள் இருந்தார்கள். நிக்கோலா விசென்டினோ 1555இல் ஸ்தாயிக்கு 36 கட்டைகள் கொண்ட ஒரு ஹார்ப்சிகார்டை விவரித்து எழுதினார். விட்டோ டிராசுன்டினோ 1606இல் ஸ்தாயிக்குச் சரியாக 31 கட்டைகள் வைத்துச் செய்த கருவியை இன்றும் பொலோன்யாவின் இசை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அப்புறம் நீண்ட இடைவெளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டச்சு இயற்பியலாளர் ஆட்ரியான் ஃபோக்கர் ஹைகென்ஸின் எழுத்தைப் படித்து அதிலேயே மூழ்கிவிட்டார். அவர் வடிவமைத்த 31 சுர ஆர்கன் 1950இல் ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் வந்து நின்றது. இப்போது ஆம்ஸ்டர்டாமின் மியூசிக்கெபாவ் அரங்கில் இருக்கிறது.

கேட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கீபோர்டில் ரீட் ஆர்கன் மாதிரி நீடித்து நிற்கும் ஒரு டோனை எடுத்து, வைப்ராட்டோ, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நடு சி-யையும் மேலே இருக்கும் ஈ-யையும் சேர்த்து அழுத்துங்கள். ஒலி நடுங்கும். சி-யின் ஐந்து மடங்கு அதிர்வெண்ணும் ஈ-யின் நான்கு மடங்கு அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று மோதி, நொடிக்குப் பத்து விம்மல்கள் வருகின்றன. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுப் பழகியதால் நாம் கவனிப்பதில்லை.

இதே இரண்டு சுரங்களை 31 முறையில் வைத்து அழுத்தினால் அந்த நடுக்கம் அடங்கிவிடும். இரண்டு நொடிக்கு ஒரு தடவை மெதுவாக மூச்சு விடுவது போல ஓர் அசைவு மட்டும் மிஞ்சும். தம்புராவில் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் அந்தர காந்தாரம் தானாக எழுந்து வருமே, ஏறக்குறைய அதே காந்தாரம்தான் இது. வித்தியாசம் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பியானோ காந்தாரம் அதைவிட 14 சென்ட் மேலே இருக்கிறது.

ஏழாம் மடங்கு இன்னும் ஆச்சரியம். 4:7 என்ற விகிதத்தில் பிறக்கும் நிஷாதத்துக்கு 12 சுரக் கீபோர்டில் இடமே இல்லை. கிட்டத்தில் இருக்கும் பி ஃப்ளாட் 31 சென்ட் தள்ளி நிற்கிறது. 31 முறையில் அந்த நிஷாதம் ஒரே ஒரு சென்ட் பிழையோடு கிடைக்கிறது. அதை முதன்முதலாக ஒரு கார்டுக்குள் வைத்துக் கேட்டபோது நான் கையை எடுக்காமல் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பதிலுக்கு எதை இழக்கிறோம்?

பஞ்சமத்தை. 31 முறையின் பஞ்சமம் சுத்தமானதைவிட 5 சென்ட் தாழ்வு. நடு சி, ஜி இரண்டையும் பிடித்தால் நொடிக்கு இரண்டு விம்மலுக்கு மேல் வரும். பியானோவில் ஒன்றுகூட முழுசாக வராது. தம்புரா சுருதியில் ஊறிய காதுக்கு இது முதல் நாள் உறுத்தும். தர்ட் சேர்ந்து மூன்று சுரக் கார்டாக ஒலிக்கும்போது உறுத்தல் போய்விடும், ஆனால் வெறும் சட்ஜ-பஞ்சமத்தை மட்டும் வைத்து நெடுநேரம் வாசிக்க இந்த முறையை நான் சொல்ல மாட்டேன்.

பஞ்சமமும் காந்தாரமும் இரண்டுமே துல்லியமாக வேண்டும் என்றால் 53 பங்கு இருக்கிறது. அதில் முழுத்தொனியே (சி-யிலிருந்து டி போன்ற இடைவெளி) இரண்டு அளவில் வரும். அதனால் பழகிய மேஜர் ஸ்கேல் கையில் அப்படியே உட்காராது.

சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் இங்கே வேறு வேறா?

ஆமாம். ஒரு பங்கை 'படி' என்று சொல்கிறேன். ஒரு படி 38.7 சென்ட். சி-யிலிருந்து டி-க்கு 5 படி. சி ஷார்ப் 2ஆவது படி, டி ஃப்ளாட் 3ஆவது படி. ஷார்ப் போட்டால் 2 படி ஏறுகிறோம், ஃப்ளாட் போட்டால் 2 படி இறங்குகிறோம், அவ்வளவுதான். வெள்ளைக் கட்டைகள் இருக்கும் இடங்கள்: சி 0, டி 5, ஈ 10, எஃப் 13, ஜி 18, ஏ 23, பி 28, மேல் சி 31. இந்த எட்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிது.

பழைய மோட்கள் இதில் உண்டா?

எல்லாமே உண்டு. மேஜர் ஸ்கேல் 5 5 3 5 5 5 3 என்று போகிறது. இரண்டாவது சுரத்தை ஆதாரமாக்கினால் டோரியன்: 5 3 5 5 5 3 5. நாம் கிரகபேதம் என்கிறோமே, பழைய தமிழிசை பண்ணுப்பெயர்த்தல் என்றதே, அதே வேலைதான். ஏழு சுரம், ஏழு தொடக்கம், ஏழு மோட். பெயர்களும் மாறவில்லை. தர்டுகள் சுத்தமாகிவிட்டதால் ஒவ்வொரு மோடின் நிறமும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மோட் என்பது ராகம் அல்ல. இங்கே பேசுவது சுரங்களின் இடைவெளி வரிசையைப் பற்றி மட்டும்தான். பிடிப்பு, நடை, கமகம் எல்லாம் வேறு கதை.

அப்படியானால் 12 சுரத்தில் கிடைக்காத மோட் எது?

நான் எல்லோருக்கும் முதலில் வாசித்துக் காட்டுவது இது: 5 4 5 4 5 4 4.

பிறப்பு இப்படி. பஞ்சமம் 18 படி. அதைச் சரிபாதியாக வெட்டினால் 9 படி. மேஜர் தர்டுக்கும் மைனர் தர்டுக்கும் நட்டநடுவே நிற்கும் ஒரு தர்ட். 12 சுரத்தில் பஞ்சமம் 7 அரைத்தொனி (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளி), ஒற்றைப்படை, அதனால் பாதியாக வெட்டவே முடியாது. இந்த 9 படியைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போனால் 0, 9, 18, 27, 5, 14, 23. வரிசைப்படுத்தினால் 0 5 9 14 18 23 27.

இதில் ஒன்று விட்டு ஒன்று எடுத்துக் கார்டு கட்டிப் பாருங்கள். ஏழு தர்டுகளில் ஆறு தர்ட் 9 படி. ஒன்றே ஒன்று 8 படி. ஐந்து சுரங்களின் மேல் 0 9 18 என்ற ஒரே கார்டு வருகிறது. அதாவது இந்த ஸ்கேலுக்குள் மேஜர் கார்டும் இல்லை, மைனர் கார்டும் இல்லை. நாம் கேட்டு வளர்ந்த ஹார்மனி முழுக்க 'இது சந்தோஷம், இது சோகம்' என்று கார்டு மாறுவதை நம்பி நகர்கிறது. இங்கே கார்டு மாறினாலும் நிறம் மாறாது. மெட்டுதான் பாதை காட்ட வேண்டும். முதலில் திசை தெரியாத மாதிரி இருக்கும். அரை மணி நேரம் அதிலேயே இருந்துவிட்டு ஒரு சாதாரண மேஜர் கார்டை அழுத்தினால், அது கண் கூசுகிற வெளிச்சம் மாதிரி வந்து விழும்.

ஏழு தொடக்கங்களில் ஐந்தில் பஞ்சமம் இருக்கிறது, இரண்டில் இல்லை. 5 4 4 5 4 5 4 என்ற தொடக்கத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். மத்திமமும் பஞ்சமமும் இரண்டும் அதில் ஊன்றி நிற்கின்றன. அரபு இசை கேட்டவர்களுக்கு ராஸ்ட் மகாமின் வாசனை அடிக்கும் (மகாம் என்பது அங்கே நம் ராகம் மாதிரி). ராஸ்டை இந்த முறையில் எழுதினால் 5 4 4 5 5 4 4, ஒரே ஒரு சுரம்தான் இடம் மாறுகிறது. ஆனால் அரபு வாத்தியக்காரர்கள் அந்த நடுத் தர்டை ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பிடிப்பார்கள். எங்கள் 9 படி அசையாமல் நிற்கும். இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது.

ஒன்பது சுர மோட் ஒன்றும் உண்டு: 4 3 4 3 4 3 4 3 3. 7 படியை அடுக்கினால் வரும். மெட்டுக்கு நெருக்கமாக, மர்மமாக இருக்கும்.

கார்டிலிருந்து மோட் உண்டாக்கலாம் என்கிறார்களே, எப்படி?

இந்த முறையின் இதயம் இதுதான் என்பது என் எண்ணம். ஃபோக்கர் ஸ்கேலை மேலிருந்து கீழாக வெட்டவில்லை. கணிதர் ஆய்லர் விட்டுச்சென்ற ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு, அதிர்வெண்ணை எத்தனை மடங்காக்குவது என்பதற்கு முதலில் மூன்று எண்களை எடுத்தார்: 3, 5, 7. மூன்று என்றால் பஞ்சமம், 18 படி. ஐந்து என்றால் மேஜர் தர்ட், 10 படி. ஏழு என்றால் அந்த இயற்கை நிஷாதம், 25 படி. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கிக் கிடைக்கும் எல்லாவற்றையும் சேர்த்தால் எட்டு சுரம்: 1, 3, 5, 7, 15, 21, 35, 105. பெருக்கல் இங்கே படிகளைக் கூட்டுவதுதான். 15 என்றால் 18+10=28. 21 என்றால் 18+25=43, ஒரு ஸ்தாயி கழித்தால் 12. 35 என்றால் 4, 105 என்றால் 22.

வரிசையாக: 0 4 10 12 18 22 25 28. இடைவெளிகள் 4 6 2 6 4 3 3 3. பார்த்தால் தாறுமாறாகத் தெரியும். இப்போது சுரங்களை இரண்டு கூடையில் போடுங்கள். முதல் கூடை 0, 10, 18, 25. அது 4:5:6:7 என்ற கார்டு. இடைவெளி 10, 8, 7. இரண்டாவது கூடை 28, 4, 12, 22. இடைவெளி 7, 8, 10. அதே கார்டு, கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக! எட்டு சுரமும் தீர்ந்துவிட்டது. எதுவும் மிச்சமில்லை, எதுவும் இரண்டு கூடையிலும் இல்லை.

வாசிக்கவும் இது கைக்கு அடக்கம். 0 10 18 25ஐப் பிடியுங்கள். 0 நான்கு படி ஏறி 4க்கு, 10 இரண்டு படி ஏறி 12க்கு, 18 நான்கு படி ஏறி 22க்கு, 25 மூன்று படி ஏறி 28க்கு. நான்கு குரலும் ஒரு முழுத்தொனிக்கும் குறைவாகவே அசைகின்றன, அதற்குள் பிரகாசமான கார்டு அதன் நிழலாகிவிடுகிறது. திரும்பவும் அதே வழியில் இறங்கி வரலாம். இந்த ஒரு நகர்வை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வாசித்திருக்கிறேன்.

எத்தனை வகை மூன்று சுரக் கார்டுகள் இருக்கின்றன?

பஞ்சமத்துக்குள் வைக்கத் தகுந்த தர்டுகள் ஐந்து: 7, 8, 9, 10, 11 படிகள். 8 மைனர், 10 மேஜர், 9 நடு. 7 படி மைனரைவிட இருண்டது. 0 7 18 என்று பிடித்தால் 6:7:9 என்ற விகிதத்துக்கு மிக அருகில் வரும், இருளும் உண்டு அமைதியும் உண்டு. 11 படி மேஜரைவிடக் கூர்மை, கொஞ்சம் முரட்டுத்தனம். நான் அதை ஒரு கணம் தொட்டுவிட்டு விலகுவேன்.

செவன்த் கார்டு இங்கே எப்படி ஒலிக்கும்?

இரண்டு விதமாக. சி, ஈ, ஜி-யோடு பி ஃப்ளாட் சேர்த்தால் 0 10 18 26. பழகிய டாமினன்ட் செவன்த், எங்கேயோ போகத் துடிக்கும். பி ஃப்ளாட்டுக்குப் பதிலாக ஏ ஷார்ப் சேர்த்தால் 0 10 18 25. ஒரே ஒரு படி வித்தியாசம். ஆனால் இதுதான் 4:5:6:7, எங்கேயும் போகத் தேவையில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

மேற்கத்திய ஹார்மனி படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெர்மன் சிக்ஸ்த் என்ற கார்டில் ஏ ஷார்ப் மாதிரியான ஆக்மென்டட் சிக்ஸ்த்தை எழுதுவார்கள். பியானோவில் அது டாமினன்ட் செவன்த்தோடு ஒன்றாகவே ஒலிக்கும். எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு, மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். 31 முறையில் அந்த எழுத்து வேறுபாடு அப்படியே காதில் கேட்கிறது.

கார்டு வரிசைகள் பழையபடி வேலை செய்யுமா?

சில செய்யும், சில அடியோடு மாறும்.

சி, ஏ மைனர், டி மைனர், ஜி, திரும்ப சி என்ற சுற்று எல்லோருக்கும் தெரியும். இதை முழுச் சுத்தமான விகிதங்களில், பொதுச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே பாடினால், ஒவ்வொரு சுற்றுக்கும் 21.5 சென்ட் கீழே வழுக்கும். ஐந்து சுற்றில் ஓர் அரைத்தொனி போய்விடும். 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கணிதர் பெனடெட்டி இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 31 முறையில் வழுக்கல் இல்லை: நான்கு பஞ்சமம் ஏறினால் 72 படி, இரண்டு ஸ்தாயி கழித்தால் 10, அதுவே மேஜர் தர்ட். சுற்று சரியாக மூடிக்கொள்ளும். பஞ்சமத்தில் விட்டுக்கொடுத்த 5 சென்ட் இதற்குத்தான்.

மாறுவது எது என்றால், மேஜர் தர்டால் நகரும் வரிசை. சி, ஈ, ஜி ஷார்ப், மறுபடி சி என்று பியானோவில் மூன்றே அடியில் வீடு திரும்பலாம். இங்கே 10+10+10=30. ஒரு படி குறைகிறது. வந்து சேர்ந்த இடம் பி ஷார்ப், சி அல்ல. கேட்பவருக்கு வீடு அதேதான், ஆனால் வாசற்படி கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். அதேபோல மைனர் தர்ட் நான்கு சேர்த்தால் 32, ஒரு படி மிச்சம். முழுத்தொனி ஆறு சேர்த்தால் 30. 31 பகா எண் என்பதால் எந்த இடைவெளியை அடுக்கினாலும் 31 சுரத்தையும் மிதித்த பிறகே திரும்ப முடியும். ஆக, முழுத்தொனிகளால் ஆன ஹோல்டோன் ஸ்கேலையும் மைனர் தர்டுகளால் ஆன டிமினிஷ்ட் செவன்த்தையும் நம்பி எழுதப்பட்ட இசையை இங்கே கொண்டுவந்தால் உடையும். அந்த ஒரு படி நழுவலையே வேண்டுமென்று பயன்படுத்தி எழுதுவதுதான் நல்ல வழி.

இது நம்முடைய 22 சுருதிதானே?

இல்லை. இதைச் சொல்லும்போது பலருக்கு வருத்தம் வருகிறது. 22 சுருதி என்ற பேச்சில் சுருதிகள் சம அளவு கொண்டவையா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சையில் இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், 22 அல்ல, ஸ்தாயி 24 சமப் பங்கு என்று வாதாடினார். 31 வேறு தேவையிலிருந்து, கார்டுகள் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. இரண்டையும் மேலே மேலே வைத்துப் பொருத்தினால் இரண்டுக்கும் நியாயம் செய்தது ஆகாது.

வீட்டில் தொடங்க என்ன வேண்டும்?

ஒரு கணினி, அதோடு இணைக்கக்கூடிய ஒரு மிடி கீபோர்டு. சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசர் ஸ்காலா வகை ட்யூனிங் கோப்புகளை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கோப்பை நோட்பேடிலேயே எழுதலாம்: முதல் வரியில் ஒரு பெயர், அடுத்த வரியில் 31, பிறகு வரிக்கு ஒரு சுரமாக 38.70968, 77.41935 என்று கடைசி வரை. கடைசி வரி 2/1. சென்ட் எண்ணில் புள்ளி கட்டாயம் இருக்க வேண்டும். புள்ளி விட்டுப்போனால் மென்பொருள் அதை விகிதம் என்று எடுத்துக்கொண்டு எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்தேன்.

61 கட்டை கீபோர்டில் 31 சுரத்தையும் வரிசையாக வைத்தால் இரண்டு ஸ்தாயிகூட முழுசாக வராது, விரலும் எட்டாது. அதனால் ஆரம்பத்தில் 31இலிருந்து 12ஐ மட்டும் தேர்ந்தெடுத்து வழக்கமான கட்டைகளில் வையுங்கள். ஈ ஃப்ளாட் முதல் ஜி ஷார்ப் வரை பஞ்சமம் பஞ்சமமாக எடுத்தால் எட்டு மேஜர் கார்டுகள் சுத்தமாக வரும். அது கைவந்த பிறகு மேலே சொன்ன ஏழு சுர மோடை (5 4 5 4 5 4 4) வெள்ளைக் கட்டைகளில் ஏற்றுங்கள்.

கிட்டாரிலும் செய்கிறார்கள். 650 மி.மீ. தந்தி நீளத்தில் முதல் ஃப்ரெட் 14 மி.மீ. தள்ளி வரும், மேல் ஸ்தாயி தொடங்கும் இடத்தில் இடைவெளி 7 மி.மீ. ஆகிவிடும். மெல்லிய விரல் வேண்டும்.

பாட முடியுமா?

முடியும், கருவியைவிடச் சீக்கிரமாகவே வரும். கீபோர்டில் 0, 18 இரண்டையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு முதலில் 10ஐப் பாடுங்கள். நடுக்கம் அடங்கும் இடம் உங்களுக்கே தெரியும். அப்புறம் 8. இரண்டும் உறுதியான பிறகு 10இலிருந்து மெதுவாக இறங்கி, 8க்குப் போவதற்கு முன்னால் 9இல் நில்லுங்கள். முதல் வாரம் குரல் ஏதாவது ஒரு பக்கம் சரியும். கீபோர்டில் 9ஐத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு மறுபடி பாடுங்கள். எனக்கு அது நிலைக்க மூன்று வாரம் ஆனது, தினமும் காலையில் பத்து நிமிடம்.